நின்ற மக்காச்சோளத்தில் மாடு மேய்த்தல்

மானாவாரியில் மக்காச்சோளம் விதைத்த குடியானவருக்கு அது பூ எடுக்கும் தருணமே சோதனைக் காலமாகும். அத்தருணத்தில் இரண்டொரு வாரம் மழை இல்லாவிடில், தலையிலுள்ள ஆண்பூவின் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்த பின்னரே கதிரின் குஞ்சம் வெளிப்படும், மணி பிடிக்காது. இலைகள் சுருண்டு, கதிர் வெறும் உறையாக, தட்டை மாத்திரம் ஆளுயரத்திற்கு நிற்கும். வடகிழக்குப் பருவமழை மிகவும் பொய்த்த 2016-ஆம் ஆண்டிலும், படைப்புழு முதன்முதலாக இந்நாட்டிற்குள் வந்து பயிரைத் தின்ற 2018-ஆம் ஆண்டிலும், மக்காச்சோளம் மிகுதியாய்ப் பயிராகும் ஜில்லாக்களில் இவ்விதம் மணியற்று நின்ற நிலங்கள் பல.

அச்சமயத்தில், "மணிதான் இல்லை; மாடாவது தின்னட்டும்" என்று வேலியைத் திறந்து மந்தையை உள்ளே விடுவது இயல்பு. சில வேளைகளில் அதனால் நன்மையே விளைகிறது. சில வேளைகளில், காலையில் உள்ளே சென்ற மாடு மாலைக்குள் தரையில் சாய்ந்துவிடுகிறது. பயிரும் போய், மாடும் போவதினும் பெரிய நஷ்டம் குடியானவருக்கு வேறில்லை. ஆதலின், நின்ற மக்காச்சோளத்தில் மாடு மேய்ப்பது எப்பொழுது தகும், எப்பொழுது தகாது, எவ்விதம் செய்தால் பயன் தரும் என்பவற்றை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

அயல்நாட்டு வழக்கம்

மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ தேசம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அறுவடைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிருந்த காலத்திலேயே, முற்றிய மக்காச்சோளக் கொல்லைகளில் பன்றிகளை விட்டுக் கதிரைத் தின்னச் செய்வது சாதாரண வழக்கமாயிருந்தது. கதிர் ஒடித்த பின்னர் எஞ்சும் தட்டையில் மாடுகளை மேய்ப்பது அந்நாட்டின் நெப்ராஸ்கா முதலிய மாகாணங்களில் இன்றும் பெருவழக்காயுள்ளது. கானடா தேசத்தின் மேற்குச் சமவெளிகளில், பனி மூடிய குளிர்காலத்தில் மாடுகள் மேய்வதற்கென்றே மக்காச்சோளத்தை விதைத்து, அறுக்காமல் நிற்க விடுகிறார்கள். புல்லைப் பனி மூடிவிடினும், உயர்ந்த தட்டை பனிக்கு மேல் தலை நீட்டி நிற்குமாதலால் மாடுகள் அதனைத் தேடித் தின்னும். அறுப்புக் கூலியும், தீவனம் சுமக்கும் செலவும், எருவை அள்ளி நிலத்தில் சேர்க்கும் செலவும் ஒருங்கே மிச்சமாவதே இதற்குக் காரணமாகும்.

அங்கு நிலம் அதிகம், ஆள் குறைவு. நமது நாட்டில் நிலம் குறைவு, தீவனமும் குறைவு. எனவே அவ்வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுதல் பொருந்தாது. அறுத்துப் போடும் தீவனத்தில் வீணாவது சொற்பம். மேயும் தீவனத்தில் மிதிபட்டும் சாணத்தில் புரண்டும் வீணாவது மிகுதி. வீட்டை அடுத்த தோட்டமும், அறுக்க ஆளும் உடையவர் அறுத்துப் போடுவதே மேல். நிலம் தொலைவிலிருந்து, தினமும் அறுத்துச் சுமக்க ஆள் கிடைக்காதவர்க்கும், மணி பிடிக்காத பயிரை எவ்விதமேனும் பயன்படுத்த வேண்டியவர்க்குமே மேய்ச்சல் முறை உரியது.

கொங்கு நாட்டில் காங்கேயம் பகுதியிலுள்ள குடியானவர்களுக்கு இதன் அடிப்படை புதிதன்று. கிளுவை வேலியால் பகுக்கப்பட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, ஒரு காட்டில் மேய்த்தபின் மறு காட்டிற்கு மாடுகளை மாற்றி வருவது அவர்களுடைய பரம்பரை முறை. மந்தையை முழு நிலத்திலும் திரிய விடாமல் அளந்து விடுவதே அம்முறையின் உயிர். மக்காச்சோளத்திற்கும் அதுவே விதி. ஒரு வேறுபாடு உண்டு. புல் மறுபடி துளிர்க்கும். மக்காச்சோளம் ஒருமுறை மேய்ந்தால் தீர்ந்தது. ஆதலால் மேய்ந்த பகுதியைக் காக்க வேண்டியதில்லை. மாடுகள் அதன் வழியே நீர் குடிக்கப் போய் வரலாம்.

விதைப்பு

மேய்ச்சலுக்கென்றே இறவையில் பயிரிடுவோர், தீவனத்திற்குரிய 'ஆப்பிரிக்கன் டால்' என்னும் உயர்ந்த வகையை விதைக்கலாம். ஏக்கருக்குப் 10 டன் தொழுவுரம் இட்டு உழுது, ஒரு அடி இடைவெளியில் சால் பிடித்து, சாலில் அரை அடிக்கு ஒரு விதையாக ஊன்ற வேண்டும். ஏக்கருக்கு 16 கிலோ விதை போதுமானது. நல்ல நீர்ப்பாய்ச்சலில் ஏக்கருக்கு 16 முதல் 20 டன் வரை பசுந்தீவனம் கிடைக்கும்.

மக்காச்சோளம் மாவுச்சத்து மிகுந்தது; புரதச் சத்து குறைந்தது. மூன்று சால் மக்காச்சோளத்திற்கு ஒரு சால் தீவனத் தட்டைப்பயறு விதைத்தால் அக்குறை ஒருவாறு நீங்கும். கறவை மாடுகளுக்குப் புண்ணாக்கு முதலிய அடர்தீவனத்தை வழக்கம்போல் கொடுத்து வருதல் வேண்டும்.

மேய்க்கும் பருவம்

விதைத்து ஏறக்குறைய 60, 65 நாட்களில் கதிரில் பால் பிடிக்கும். மணியை நகத்தால் கீறினால் வெண்பால் வடியும் இத்தருணமே தீவனத்திற்கு உகந்தது. இதற்கு முன் தட்டையில் நீரே அதிகம், சத்து போதாது. மணி முற்றிக் கடினமான பின் தட்டை நாராகி மாடுகள் அதை ஒதுக்கும். கதிரை மாத்திரம் பொறுக்கித் தின்னும். அதனால் வரும் கேடு பின்னர்க் கூறப்படும்.

ஒரு நாளைய பங்கு

மேய்ச்சலில் வெற்றியும் தோல்வியும் நாளொன்றுக்கு எவ்வளவு நிலம் திறந்து விடப்படுகிறது என்பதைப் பொறுத்தவை. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

உயிர் எடை 300 கிலோ உள்ள மாட்டிற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோ உலர்ந்த சத்து தேவை. அதில் மூன்றில் ஒரு பங்கை வைக்கோலாகவோ உலர்ந்த தட்டையாகவோ கொடுத்து, எஞ்சிய ஐந்து கிலோவை மக்காச்சோளத்திலிருந்து பெறுவதாக வைத்துக்கொள்வோம். பால் பிடித்த பயிரில் ஐந்தில் ஒரு பங்கே உலர் சத்து எனக் கொண்டால், ஐந்து கிலோவிற்கு 25 கிலோ பசுந்தட்டை வேண்டும். பத்து மாடுகளுக்கு 250 கிலோ ஆயிற்று.

ஏக்கருக்கு 16 டன் விளைந்த நிலத்தில் ஒரு சென்ட்டில் 160 கிலோ நிற்கும். அதில் பத்தில் மூன்று பங்கு மிதிபட்டு வீணாகுமாயின், மாட்டின் வாய்க்குச் சேர்வது 112 கிலோ. ஆகவே பத்து மாடுகளுக்கு நாளொன்றுக்கு இரண்டேகால் சென்ட் நிலம் திறக்க வேண்டும். 100 அடி அகலமுள்ள கொல்லையானால் இது சுமார் பத்து அடி ஆழம். அதாவது பத்துச் சால். ஒரு ஏக்கர் ஏறக்குறைய 44 நாட்களுக்குப் போதும். அதே பயிரை அறுத்துப் போட்டு, நூற்றில் ஐந்து பங்கே வீணாகுமாயின் 61 நாட்கள் வரும். இடையிலுள்ள 17 நாட்களின் தீவனமே மேய்ச்சலுக்குக் குடியானவர் கொடுக்கும் விலை. நாள்தோறும் 250 கிலோ அறுத்துச் சுமக்கும் கூலி அதனினும் அதிகமா, குறைவா என்பதை அவரவர் ஊர்க் கூலியை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மேய்ந்த நிலத்தில் சாணமும் கோமியமும் விழுந்து மறு பயிருக்கு உரமாவதையும் கணக்கில் சேர்த்தல் நியாயம்.

இக்கணக்கிலிருந்து மற்றொரு பாடமும் விளங்கும். 44 நாட்களில் பால் பிடித்த கதிர் முற்றிக் கடினமாகிவிடும். எனவே ஏக்கர் முழுவதையும் ஒரே நாளில் விதைப்பது பிழை. மூன்று சம பாகமாகப் பிரித்து, 15 நாட்களுக்கு ஒரு பாகமாக விதைத்தால், ஒவ்வொரு பாகமும் பால் பிடித்துத் தயாராகும் சமயத்தில் மாடுகள் அதற்கு வந்து சேரும்.

வேலி

அன்றைய பங்கைத் தடுத்து நிறுத்த வேலி இன்றியமையாதது. நீண்டு குறுகிய பட்டையாகத் திறந்தால் எல்லா மாடுகளும் ஒரே வரிசையில் நின்று தின்னும். வலிய மாடு எளிய மாட்டை விரட்டுவது குறையும். சதுரமாகத் திறந்தால் மிதிபடுவது மிகும். மூங்கில் நட்டுக் குறுக்குக் கழி கட்டிய படல்களைத் தினம் நகர்த்தி வைப்பது சிறு மந்தைக்குப் போதும். முளையடித்துக் கயிற்றில் கட்டி மேய்ப்பது உயர்ந்த தட்டையில் உதவாது. கயிறு தண்டுகளில் சுற்றிக்கொண்டு மாட்டின் காலையோ கழுத்தையோ இறுக்கும்.

அயல்நாடுகளில் விட்டுவிட்டு மின் துடிப்பு ஓடும் ஒற்றைக் கம்பி வேலியைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குரிய கருவியைக் கொண்டே அதை அமைக்க வேண்டும். கம்பி தட்டையில் பட்டால் மின்விசை தரையில் இறங்கிவிடுமாதலால், கம்பி போகும் வழியில் இரண்டு சாலை முதல் நாளே அறுத்து மாடுகளுக்குப் போட்டுவிடுதல் நலம். வீட்டு மின்சாரத்தையோ பம்பு செட்டு மின்சாரத்தையோ நேரே கம்பியில் இணைப்பது சட்ட விரோதம். மாடும் மனிதரும் வனவிலங்கும் மாளும் கொடிய செயல். காப்புக்காடுகளை அடுத்த நிலங்களில் மின்வேலி அமைப்போர், தமிழ்நாட்டில் 2023-ஆம் ஆண்டு ஏற்பட்ட விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மாடுகளைப் பழக்குதல்

வெறும் வயிற்றோடு எந்த மாட்டையும் மக்காச்சோளத்தில் விடலாகாது. முதலில் வைக்கோல் கொடுத்து, பசி சற்றுத் தணிந்த பின், முதல் நாள் அரை மணி நேரம், அடுத்த நாள் ஒரு மணி நேரம் என்று படிப்படியாய் உயர்த்தி, ஒரு வாரம் பத்து நாட்களில் முழு மேய்ச்சலுக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல குடிநீர் எப்பொழுதும் எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். கோடையில் மாடு ஒன்றிற்கு 40 லிட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். தாது உப்புக் கலவை நாள்தோறும் 50 கிராம் கொடுக்கலாம். மழை பெய்து கரிசல் மண் குழைந்திருக்கும் நாட்களில் மாடுகளை உள்ளே விடாமல் அறுத்துப் போடுவதே நன்று. குழைந்த மண்ணை மந்தை மிதித்தால் தீவனம் சேற்றில் அழுந்துவதோடு நிலமும் இறுகிவிடும்.

கதிர் மிகுதியால் வரும் கேடு

மாடு மக்காச்சோளக் கொல்லையில் நுழைந்தால் முதலில் கதிரையும், பின் இலையையும், கடைசியில் தண்டையும் தின்னும். கொல்லை முழுவதையும் ஒரேயடியாய்த் திறந்து விட்டால், இரண்டொரு நாளில் எல்லாக் கதிரையும் பொறுக்கித் தின்று, வயிற்றில் அளவு கடந்த மாவுச்சத்து புளித்து அமிலமாகிவிடும். பின்வரும் நாட்களுக்கோ வெறும் தண்டே எஞ்சும். முற்றிய கதிரில் இக்கேடு அதிகம். அசை போடுதல் நின்று, புளித்த நாற்றமுள்ள தண்ணீரான சாணம் போட்டு, வயிற்றைக் காலால் உதைத்து, கண் குழி விழுந்து மாடு படுத்துவிடுவது இதன் அறிகுறிகளாம். உடனே மாட்டைக் கொல்லையிலிருந்து வெளியேற்றி, உலர்ந்த வைக்கோல் மட்டும் காட்டி, கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். நாளொரு பங்காக அளந்து விடுவதே இதற்குத் தடுப்பு முறை. அன்றைய கதிரோடு அன்றைய தண்டையும் இலையையும் மாடு தின்றாக வேண்டியிருக்குமாதலால் சத்து சமனாகும்.

வாடிய பயிரில் மறைந்துள்ள விஷம்

மழையின்றி வாடிய பயிரில் வேறொரு அபாயம் உண்டு. மண்ணிலுள்ள வெடியுப்புச் சத்தாகிய நைட்ரேட்டை வேர் உறிஞ்சுகிறது. பயிர் செழிப்பாயிருக்கும்பொழுது அது இலையில் புரதமாக மாறிவிடும். வறட்சியில் பயிர் வளர்ச்சி நின்றுவிட, அது மாறாமல் தண்டிலேயே தங்குகிறது. யூரியா அதிகமாய் இட்ட நிலத்தில் இது மிகுதி. வறட்சிக்குப் பின் மழை பெய்தவுடன் வேர் இன்னும் வேகமாய் அதனை உறிஞ்சுமாதலால், "மழை பெய்துவிட்டது, இனி அபாயமில்லை" என்று அன்றே மாடுகளை விடுவது பெரும் தவறு. பயிர் மறுபடி தெளிந்து வளரத் தொடங்கி ஒரு வாரமாவது கழிய வேண்டும்.

இவ்விஷம் தண்டின் அடிப்பாகத்திலேயே அதிகம். இலையிலும் கதிரிலும் குறைவு. ஆகையால் வாடிய பயிரில் மாடுகளை அடித்தண்டு வரை கடிக்கும்படி கட்டாயப்படுத்தாமல், மேற்பாதி தின்றவுடன் அடுத்த பங்கிற்கு மாற்ற வேண்டும். சினை மாடுகளை இதில் விடவே கூடாது, கன்று கலைந்துவிடக்கூடும். பயிரை அறுத்து உலர்த்தினால் விஷம் போய்விடும் என்று நம்புவோர் உண்டு, அது தவறு. உலர்ந்த தட்டையிலும் வெடியுப்புச் சத்து அப்படியே இருக்கும். தரையிலிருந்து ஓரடி விட்டு மேலே அறுத்து, பதனக் குழியில் காற்றுப் புகாமல் அழுத்தி மூடி, ஒரு மாதத்திற்கு மேல் புளிக்க வைத்தால் அது வெகுவாகக் குறையும். மணி பிடிக்காத மக்காச்சோளத்திற்கு இதுவே யாவற்றிலும் தகுந்த வழியாகும்.

சோளமும் மக்காச்சோளமும்

இளஞ்சோளத்தில் மாடு மேய்ந்தால் மாண்டுபோகும் என்பது நம் குடியானவர்கள் தலைமுறைகளாய் அறிந்த செய்தி. அங்குள்ள விஷம் சயனைடு வகையைச் சேர்ந்தது. பூக்குமுன் உள்ள இளம் பயிரிலும், வறட்சியில் குன்றிய பயிரிலும், அறுத்தபின் வரும் மறுதாம்புத் துளிரிலும் அது மிகும். சோளத்தை அறுத்து நன்கு உலர்த்தினால் அவ்விஷம் பெரும்பாலும் நீங்கும். மக்காச்சோளத்தில் அஞ்சத்தக்க அளவில் சயனைடு இல்லை. அதன் அபாயம் முன் கூறிய வெடியுப்புச் சத்தே. மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில் சோளத் துளிர் இருந்தால், மாடு விழும்பொழுது எதனால் விழுந்தது என்னும் ஐயம் எழும். அதைத் தீர்ப்பது இரத்தத்தின் நிறம்.

சயனைடு தாக்கிய மாட்டின் ஈறும் கண்ணின் உட்புறமும் செக்கச் சிவந்து, இரத்தம் பளிச்சென்ற சிவப்பாயிருக்கும். வெடியுப்புச் சத்து தாக்கியதில் அவ்விடங்கள் நீலம் கலந்த பழுப்பாய், இரத்தம் காப்பிக் கொட்டை நிறமாயிருக்கும். இரண்டிலும் மாடு மூச்சு வாங்கித் தள்ளாடி விழும். இரண்டிலும் தாமதம் மரணமாகும். சயனைடுக்கு வைத்தியர் செலுத்தும் மருந்துகளுள் ஒன்று சோடியம் நைட்ரைட். அதையே வெடியுப்புச் சத்து தாக்கிய மாட்டிற்குச் செலுத்தினால் நோய் பன்மடங்காகும். அதற்குரிய மருந்து மெதிலீன் நீலம். ஒன்றிற்கு மருந்தாவது மற்றொன்றிற்கு நஞ்சாதலால், மாட்டுக்காரர் தாமே ஊகித்து மருந்து கொடுக்கலாகாது. மாடு எதைத் தின்றது, எப்பொழுது தின்றது, ஈறு எந்நிறம் என்னும் மூன்றையும் கவனித்து வைத்து, 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து உடனே சொல்ல வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

முதலாவது, இழப்புக் கணக்கெடுப்பு. மழையாலோ புழுவாலோ பயிர் அழிந்த ஆண்டில், கணக்கெடுப்பு முடியுமுன் மாடுகளை விட்டுப் பயிரை மேய்த்துவிட்ட குடியானவருக்குக் காட்டுவதற்குச் சான்று இல்லாமற் போகும். பயிர் இன்ன நிலையிலுள்ளது என்பதை அவர் முன்னதாகக் கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண் அலுவலருக்கும் தெரிவிப்பதும், அவர்கள் காலந்தாழ்த்தாமல் நேரில் பார்த்துப் பதிவு செய்வதும் வேண்டும். அலுவலர் ஒரு வாரம் தாமதித்தால் தட்டை காய்ந்து தீவனமும் வீணாகும் என்பதை அவர்கள் நினைவிற்கொள்வார்களாக.

இரண்டாவது, பூச்சி மருந்து. படைப்புழுவிற்காக மருந்து தெளித்த கொல்லையில், மருந்தின் சீட்டில் கண்ட காத்திருப்பு நாட்கள் கழியுமுன் மாடு நுழையலாகாது. தெளித்த நாளை அயல் நிலத்தாருக்கும், ஊர் மந்தை மேய்ப்போருக்கும் அறிவிப்பது கடமையாகும். பூஞ்சணம் பூத்த கதிர்களையும் மாடு தின்னாதபடி விலக்க வேண்டும். அதிலுள்ள நஞ்சு பாலிலும் இறங்கும்.

முடிவுரை

தின்னத் தின்னத் தீராத தீவனமென்று எண்ணி வேலியைத் திறப்பவருக்கு நின்ற மக்காச்சோளம் நஷ்டத்தையே தரும். பயிரின் பருவத்தையும் மழையின் போக்கையும் பார்த்து, நாளொன்றுக்கு இத்தனை சால் என்று அளந்து விடுபவருக்கே அது ஆள் கூலியை மிச்சப்படுத்தி, நிலத்திற்கு எருவையும் சேர்க்கும். இம்முறையைப் புதிதாய்க் கைக்கொள்ள விரும்புவோர் முதலாண்டில் 30 சென்ட்டுக்கு மேற்படாமல், வலுவுள்ள நான்கைந்து வறட்டு மாடுகளைக் கொண்டு பரீட்சித்துப் பார்ப்பது நலம். மாடுகள் எதை முதலில் தின்கின்றன, எவ்வளவை மிதிக்கின்றன, மாலையில் அசை போடுகின்றனவா என்பவற்றைத் தினமும் ஒருமுறை நின்று கவனித்தால், மறு ஆண்டு எவ்வளவு விதைப்பது என்பதை அவரவர் நிலமே சொல்லிவிடும்.